தயிருண்டைக்குள்ள மாத்திரை

என் பொண்டாட்டி என்னைக் கொஞ்சங்கொஞ்சமா விஷம் வெச்சுக் கொல்றா, இனிமே அவ கையால பச்சத்தண்ணிகூடக் குடிக்க மாட்டேன். இப்படித்தானே சொன்னாரு? ஒரு வார்த்த கூடவோ கொறையவோ இல்லையே? காலங்காத்தால குதிரையேறி வந்து, உங்க ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு, மூணு ஊர்க்காரங்க காதுல விழற மாதிரி!

வேண்டாம், உக்காரல. உக்காந்தா என் கோவம் ஆறிப் போயிடும். நின்னுக்கிட்டே பேசறேன்.

விஷமாம் விஷம். அது நீங்க எழுதிக் குடுத்த பிரஷர் மாத்திரை, டாக்டரம்மா கனிஷாய். இந்தக் கையாலதான எழுதினீங்க? தினம் காலைல ஒண்ணு, ஆயுசு பூராவும்னு சொன்னீங்கல்ல? இவர் காதுல காலைல ஒண்ணுங்கறது மட்டும் விழுந்துச்சு, ஆயுசு பூராங்கறது விழவே இல்ல.

நான் ஒண்ணும் பொல்லாதவ இல்ல. சரி, கொஞ்சம் பொல்லாதவதான், இந்தச் சூராகான் வாயப் பத்தி நாரின் ஆத்தங்கரை பூராத் தெரியும். ஆனா இதுல தப்பு என்னோடது மட்டும் இல்லம்மா, உங்களோடதும் இருக்கு. முறைக்காதீங்க. போன இலையுதிர் காலத்துல நூத்தித் தொண்ணூறு இருந்துச்சு இவருக்கு. மூணு மாசம் ஒழுங்கா முழுங்கினாரு. நான் பக்கத்துல நின்னு, நாக்கத் தூக்கச் சொல்லிப் பாத்து, முழுங்க வெச்சேன். அப்பறம் நீங்க மிஷினைத் தூக்கிக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்தீங்க. கையில கட்டி, காத்தடிச்சு, நூத்தி முப்பதுன்னு சொல்லிட்டுச் சிரிச்சீங்க பாருங்க, அந்தச் சிரிப்புதான் எங்க குடியக் கெடுத்துச்சு. நல்ல சேதி கொண்டு வந்தவங்கள வெறுங்கையோட அனுப்பக்கூடாதுன்னு, கடன்காரன் தொரத்தற மாதிரி ஓடிப் போய் என் பொட்டியத் தொறந்து, நான் கட்டாத புதுச் சால்வைய எடுத்து உங்க தோள்ல போட்டாரு. ஆமா, அதேதான். நல்லாத்தான் இருக்கு உங்களுக்கு, வெச்சுக்குங்க.

அதோட விட்டாரா? பிரஷர் போயிடுச்சு, ஆடு வெட்டறேன்னுட்டாரு! கொறைஞ்சிருக்கு, போகலைன்னு நான் கத்தறேன். யாரு கேக்கறா? மறுநாள் நாப்பது பேரு. வீட்டுல பெரியவங்க உக்கார்ற எடத்துல, மெத்தை மேல மெத்தை போட்டு, உங்க மிஷினை உக்கார வெச்சாரு. நீங்களும்தான் பாத்தீங்க! மூத்த விருந்தாளிக்கு வெக்கற ஆட்டுத் தலைய அந்த மிஷின் முன்னால வெக்கப் போனாரே, நான்தான் தட்டப் புடுங்கினேன். கொழுப்பும் உப்புமா அந்தச் சாறு, மூணு கிண்ணம் குடிச்சாரு மனுஷன். பிரஷர் போனதுக்கு மூணு கிண்ணம்!

விருந்து முடிஞ்சு போறவங்க கையில கறியும் ரொட்டியும் பொட்டலம் கட்டிக் குடுக்கறது என் வேல. கட்டி வெச்சுட்டு உள்ள போனேன். இவர் என்ன பண்ணியிருக்காரு தெரியுமா? மிச்சம் கெடந்த மாத்திரையெல்லாம் பிச்சு, பொட்டலத்துக்கு ரெண்டாப் போட்டுட்டாரு. எனக்கு வந்த நல்ல நேரம் உங்களுக்கும் வரட்டும்னு ஆசீர்வாதம் வேற. எதிர்வீட்டுக்காரர் ரெண்டையும் ஒண்ணா முழுங்கிட்டு, ரெண்டு நாளு செவுத்தப் புடிச்சுக்கிட்டே நடந்தாரு. கேட்டா, ஆசீர்வாதம் பலமா இருக்குங்கறாரு!

சிரிக்காதீங்க. இவரோட அண்ணன் எப்படிப் படுத்தார்னு உங்களுக்குத் தெரியாது, நீங்க அப்ப படிச்சுக்கிட்டிருந்தீங்க. மேய்ச்சல் மலையில குதிரை மேல இருந்து மூட்டை மாதிரி சரிஞ்சாரு. இதே பிரஷர்தான். ஒம்போது வருஷமா ஒரு பக்கம் வெளங்கல. அவர் பொண்டாட்டி ஸ்பூனால ஊட்டறா. அந்த ஸ்பூனை நான் தூக்க மாட்டேன், கனிஷாய். என்னால முடியாது.

அதனாலதான் தயிருண்டை, உப்புப் போட்டு உருட்டிக் காய வெக்கறோமே, அது. எப்பவும் அவர் ஜோபுல பத்துப் பதினஞ்சு கெடக்கும், குதிரையில போறப்ப ஒண்ணொண்ணா வாயில ஒதுக்கிக்குவாரு. டவுன்ல புதுசா வாங்கின மாத்திரையும் வெள்ள, தயிரும் வெள்ள. காயறதுக்கு முன்னாடி உருண்டைக்கு நடுவுல அமுக்கிட்டேன். தினம் காலைல டீயோட அந்த ஒண்ண மட்டும் தனியா எடுத்துக் குடுப்பேன். உப்பா? உப்புக்குள்ளதான் வெச்சேன், வேற எதுல வெக்கறது, உங்க தலையிலயா?

தப்புதான். தப்புதாம்மா. ஒரு மனுஷனுக்குத் தெரியாம மருந்து குடுக்கக்கூடாது, சரி. பதினேழு நாளு ஓடுச்சு. பதினெட்டாம் நாளு கடிச்சு, கசந்து, துப்பி, வெளிச்சத்துல தூக்கிப் பாத்து, தொப்பியப் போட்டுக்கிட்டு நேரா தன் தங்கச்சி சாய்ரா வீட்டுக்குப் போயிட்டாரு. வேலிக்கு அந்தப் பக்கம்தான். அவ சுட்ட ரொட்டி கல்லு மாதிரி இருக்கும், அதத் தின்னுக்கிட்டு எனக்குக் கேக்கற மாதிரி ஆகா ஆகாங்கறாரு.

நேத்து சாயங்காலம் பால் கறக்கப் போனேன். வேலிக்கு அந்தாண்ட இவர் குதிரைக்குச் சேணம் அவுத்துக்கிட்டிருந்தாரு. எடது கை வார்ல நிக்கல. புடிக்கறாரு, நழுவுது. புடிக்கறாரு, நழுவுது. குதிரையத் திட்ட வாயத் தொறந்தாரு, வாய் ஒரு பக்கமாப் போச்சு. சத்தம் வரல. அப்படியே அது கழுத்துல சாஞ்சுக்கிட்டாரு. அதுவும் அசையாம நின்னுச்சு, பாவம். கொஞ்ச நேரத்துல சரியாயிடுச்சு. நிமிந்து, யாராவது பாத்தாங்களான்னு சுத்திப் பாத்தாரு. நான் பசுவுக்குப் பின்னாடி குனிஞ்சுக்கிட்டேன்.

ஒரு ஆம்பள, பொண்டாட்டியத் திட்டறதுக்கா விடிஞ்சும் விடியாம இவ்வளவு தூரம் குதிரையேறி ஆஸ்பத்திரிக்கு வருவான்? சொல்லுங்க. கைய நீட்டினாரா? நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே சட்டக் கைய மடிச்சாரா? சரி, சொல்ல வேண்டாம். டவுன் ஆஸ்பத்திரி வண்டிக்குச் சொல்லிட்டீங்கல்ல? அது போதும்.

என்னத்துக்கு என்னைய இப்படிப் பாக்கறீங்க? குதிரை வாசல்ல கட்டிக் கெடக்கு, கனிஷாய். அந்தத் திரைக்குக் கீழ தெரியற பூட்ஸு நான் போன வாரம் துடைச்சது. உள்ள நுழையறப்பவே பாத்துட்டேன். இவ்வளவு நேரம் உங்ககிட்டயா பேசினேன்?

ஏங்க. உங்களத்தான்.

அந்தம்மா வெச்ச மாத்திரை தட்டுலயே கெடக்கு பாருங்க. நான் தொடவே இல்ல. வேணும்னா அவங்க கையால வாங்கிக்குங்க. நான் அந்தாண்ட திரும்பிக்கறேன்.

போட்டுக்குங்க.