நான்காம் மாடியில் என் கால்கள் தொங்கியது குறித்து

என் பெயர் ஷார்ஷென்பெக், தந்தை பெயர் அசன்குல், வயது ஐம்பத்திரண்டு, பிஷ்கெக் நகரத் தெற்குக் குடியிருப்பில் ஒன்பது மாடிக் கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் மனைவி கனிஷாயுடன் வசித்து வருகிறேன். கல்யாண விருந்துகளில் மைக் பிடித்து ஆட்களைச் சிரிக்க வைப்பது என் தொழில். இன்று மாலை மீட்புப் படையினர் என்னைக் கண்டபோது நான் நான்காம் மாடி பால்கனியின் கூரையிலிருந்து இடுப்புக்குக் கீழே மட்டும் தொங்கிக்கொண்டிருந்தேன் என்பதும், அப்போது நான் உடுத்தியிருந்தது என் மனைவியின் பூப்போட்ட நைட்டி என்பதும், நைட்டி மேலேயே சுருண்டு நின்றுவிட்டதால் கீழ்மாடிக்கு வந்து சேர்ந்தது என் கம்பளி உள்கால்சட்டை மட்டுமே என்பதும், அதன் பின்பக்கம் கிழிந்திருந்தது என்பதும் உண்மை. எங்கள் கட்டடத்தில் பால்கனிகள் முழுக்கக் கண்ணாடி. முற்றத்து பெஞ்சில் இருந்த பெண்கள் யாரும் இன்று சீக்கிரம் வீட்டுக்குப் போகவில்லை. இந்த வாக்குமூலத்தை எழுதும் போலீஸ் லெப்டினன்ட் பெர்மெத் அவர்கள் இந்த விவரமெல்லாம் தேவையில்லை என்றார். நாளைக்குள் ஊரில் இது வேறு மாதிரி பரவிவிடும், அரசாங்கக் காகிதத்திலாவது உள்ளது உள்ளபடி இருக்கட்டும் என்று நான் கேட்டுக்கொண்டதால் எழுதப்பட்டது.

எங்களுக்கு நேர் கீழ் வீட்டில் இருந்தவர் ஜாலில், ஓய்வு பெற்ற கிரேன் ஓட்டுநர், மனைவி காலமாகிவிட்டார், ஒரே மகள் ஜில்திஸ் கொரியாவில் கொழுக்கட்டை அடைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். ஜாலில் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டியில் ஒரே ஒரு ஆஸ்கர் மீன் வளர்த்தார். ஜில்திஸ் பள்ளிக்கூடம் போன காலத்தில் காசு அளவில் வாங்கி வந்தது, இப்போது ரொட்டித் தட்டு அளவு இருக்கும், கறுப்பு உடம்பில் நெருப்புத் திட்டுகள். யார் வந்தாலும் பக்கவாட்டில் திரும்பி ஒரு கண்ணால் வெகுநேரம் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வது போல வாயைத் திறக்கும் என்பதால் அதற்குத் தலைவர் என்று பெயர். எந்தத் தலைவர் என்று லெப்டினன்ட் கேட்டார். மீன்தான் என்று தெளிவுபடுத்தினேன்.

இந்த இலையுதிர் காலத்தில் ஜாலிலை இதயச் சிகிச்சைக்கு ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்னார்கள். அதைக் கேட்டு ஜில்திஸ் கொரியாவிலிருந்து தானாக இரை போடும் இயந்திரம் ஒன்றை அனுப்பி வைத்தாள். தொட்டி விளிம்பில் கவ்விக்கொள்ளும் உருண்டை டப்பா அது. உள்ளே தீனி உருண்டைகளைக் கொட்டி, பேட்டரி போட்டுவிட்டால் காலையும் மாலையும் தானே ஒருமுறை சுற்றி, வாய் கீழே வரும்போது கொஞ்சம் தீனியைத் தண்ணீரில் விடும். ஜாலில் அதை வாய்வரை நிரப்பி, சுற்றுவதைப் பார்க்க என்னைக் கூப்பிட்டார். ஒருமுறை விருந்து முடிந்து வந்த தெம்பில் நான் தலைவருக்கு சம்சாவின் உள்ளிருந்த ஆட்டுக்கறியை ஊட்டியதை அவர் மறக்கவில்லை. "நான் வர்ற வரைக்கும் இது பாத்துக்கும். நீ மட்டும் கை வைக்காத ஷார்ஷென், உன் கைக்கு அளவு தெரியாது" என்றார்.

அவர் வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக நாரின் பக்கம் அவர் பிறந்த ஊருக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தோம். ஜில்திஸின் கொரிய வேலை அனுமதிக் காகிதங்கள் புதுப்பிப்பதற்காக அங்கே அலுவலகத்தில் மாட்டிக்கொண்டிருந்ததால் அவளால் வர முடியவில்லை. அதன் பிறகு நான் ஊர் திரும்பியபோது ஜாலிலின் கதவில் காகித முத்திரை ஒட்டப்பட்டிருந்தது, வாரிசு நேரில் வரும்வரை திறக்கக் கூடாது என்றார்கள். ஒட்டியவர் இப்போது எதிரே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கும் இதே லெப்டினன்ட் அவர்கள்தான். அவர் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. நேராக ஒட்டியிருந்தார்.

ஜாலிலின் பெரிய அறையில் தொட்டியை ஒட்டிப் போகும் வெப்பக் குழாய்தான் எங்கள் அறைக்கும் ஏறி வருகிறது. குழாயில் காதை வைத்தால் கீழே டப்பா சுற்றுவது கேட்கும். முதலில் ஈர மணல் மூட்டையைப் புரட்டுவது போலக் கனமாக இருந்தது. ஜில்திஸ் போன் செய்யும்போதெல்லாம் நான் போனைக் குழாயில் வைப்பேன், அவள் அங்கே தொழிற்சாலை வாசலில் நின்று கேட்பாள். "அப்பாவுக்கு மண்ணு போடத்தான் வர முடியல. தலைவரையாவது உயிரோட வச்சிருங்க சித்தப்பா" என்று ஒருநாள் சொன்னாள். அதற்கென்னம்மா, ராஜா மாதிரி இருக்கிறார் என்று கல்யாணத்தில் பேசும் குரலிலேயே சொன்னேன். மீனைக் கண்ணால் பார்க்காமல், மேல்வீட்டில் நின்றுகொண்டுதான் சொன்னேன்.

அதன் பிறகு குழாயில் சத்தம் இலேசாகிக்கொண்டே வந்தது. பனி விழத் தொடங்கிய பிறகு ஒன்றிரண்டு உருண்டைகள் மட்டும் உள்ளே ஓடி விளையாடும் சத்தம். அதற்கும் பிறகு வெறும் டப்பா சுற்றும் சத்தம். ஜில்திஸ் அன்று போனில், "சத்தம் மாறியிருக்கே" என்றாள். குளிர்காலத்தில் குழாய் சுருங்கும் என்று சொன்னேன். அவள் போனை இன்னும் கொஞ்சம் குழாயிலேயே வைக்கச் சொன்னாள்.

அதன் பிறகு நான் பத்திர அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண், மீன் அசையும் சொத்து, வாரிசைத் தவிர யாரும் தொடக் கூடாது என்றாள். சீக்கிரமே அசையாச் சொத்தாகிவிடும் என்று சொன்னேன், சிரிக்கவில்லை. இருபத்தைந்து வருடமாக இந்த ஊரைச் சிரிக்க வைத்தவன் நான். கால்நடை மருத்துவர் தொற்றுநோய் இருந்தால்தான் வருவேன் என்றார், தலைவருக்குத் தொற்றுநோய் வர வைக்க எனக்கு வழி தெரியவில்லை. லெப்டினன்ட் அவர்களையே ஒருமுறை படிக்கட்டில் பிடித்துக் கேட்டேன், பால்கனிக் கண்ணாடியை உடைத்துக்கொள்ளவா என்று. "உடைச்சா திருட்டு கேஸ் ஆயிடும் அண்ணே. அப்புறம் அந்தப் பொண்ணு வந்தாலும் வீடு கைக்கு வர இழுத்துக்கிட்டே போகும். எனக்கு மட்டும் ஆசையா?" என்றார். மீட்புப் படைக்குப் போன் செய்தபோது எடுத்தவர், முத்திரையை உடைக்கத் தங்களுக்கு அதிகாரம் உண்டு, ஆனால் மனித உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும்தான், மீன் உயிருக்குச் செல்லாது என்று பொறுமையாக விளக்கினார். இந்தத் தகவலை நான் கனிஷாயிடம் சும்மா பேச்சுவாக்கில் சொன்னேன். வேறு நோக்கம் இல்லை.

ஜாலிலுக்கு இந்த ஊரில் உறவு யாரும் இல்லாததால் வெள்ளிக்கிழமைதோறும் கனிஷாய்தான் எண்ணெய் காய்ச்சி, மாவைப் பொரித்து, இறந்தவருக்குப் போய்ச் சேரும் என்று எங்கள் பக்கம் நம்பும் அந்த வாசனையை அவர் பெயரில் எழுப்பி வந்தாள். நான் துஆ ஓதுவேன், பிறகு இரண்டு பேரும் தேநீரோடு பொரித்ததைத் தின்போம். போன வெள்ளிக்கிழமை அவள் சட்டியை இறக்கி வைத்துவிட்டுத் தின்னாமல் உட்கார்ந்திருந்தாள். என்ன என்று கேட்டேன். "செத்தவருக்குப் பூட்டின வீடு, முத்திரை எதுவும் தடையில்ல, வாசனை போய்ச் சேந்துரும். கீழ இருக்கறது இன்னும் சாகலியே. அதுக்கு நான் எதப் பொரிக்கிறது?" என்றாள். குழாயில் மாலைச் சுற்று கேட்டது, உள்ளே எதுவும் இல்லாமல்.

அதன் பிறகு இன்று நடந்தது. எங்கள் பால்கனித் தரையில், தீப்பிடித்தால் கீழே இறங்குவதற்கென்று கட்டும்போதே வைத்த சதுர ஓட்டை உண்டு, இரும்பு மூடி போட்டது. எல்லா வீட்டிலும் போல நாங்களும் அதன்மேல் தக்காளி ஊறுகாய் ஜாடிகளை அடுக்கியிருந்தோம். கீழே ஏணி கிடையாது, ஜாலில் அதை அறுத்துத்தான் மீன்தொட்டிக்கு நிற்க இரும்புக்கால் செய்திருந்தார். அந்த ஓட்டை வழியாக இறங்கி, பால்கனிக் கதவின் கண்ணாடி வழியே தலைவர் உயிரோடு இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு வர வேண்டும் என்பது மட்டுமே என் எண்ணம். கால்சட்டையின் கொக்கியும் பெல்ட்டும் இரும்பில் மாட்டும், நைலான் துணி என்றால் வழுக்கிக்கொண்டு போகும் என்று கனிஷாய் சொன்னதால் நைட்டி. வயிறுவரை வழுக்கிக்கொண்டுதான் போனது.

கனிஷாய் உடனே மீட்புப் படைக்குப் போன் செய்து, "மனித உயிருக்கு ஆபத்து" என்று இரண்டு முறை சொன்னதை நான் கேட்டேன். வந்த மூன்று பேரும் முதலில் மேலிருந்து என் கைகளைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள். நான் அலறிய அலறலில் விட்டுவிட்டு, கீழிருந்து எடுத்தால்தான் ஆகும் என்றார்கள். அதன்பேரில் லெப்டினன்ட் வரவழைக்கப்பட்டு, அவர் முன்னிலையில் முத்திரை கிழிக்கப்பட்டு, கதவு திறக்கப்பட்டது. அவர்கள் வந்து காலைத் தொட்டதுமே நான் கீழே வந்துவிட்டேன். பயத்தில் வயிறு சுருங்கியிருக்கலாம்.

வேண்டுமென்றே சிக்கிக்கொண்டீர்களா என்று லெப்டினன்ட் கேட்டார். இல்லை. இந்த வயிறு இந்த அளவுக்கு வர எத்தனையோ கல்யாணங்கள் தேவைப்பட்டன, அவ்வளவு முன்யோசனை உள்ள ஆள் நான் இல்லை.

அதன் பிறகு எல்லோரும் பெரிய அறைக்குள் வந்தோம். தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்தது, மீன் தெரியவில்லை. நாங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே மாலைச் சுற்று வந்தது. வெறும் டப்பா மெல்லச் சுற்றி, வாயைக் கீழே காட்டி நின்றது. அப்போது அடியிலிருந்து தலைவர் மேலே வந்து, டப்பாவுக்கு நேர் கீழே நின்று வாயைத் திறந்தார். தலை மட்டும் பழைய அளவில் இருந்தது, உடம்பு அதற்குப் பின்னால் ஒட்டியிருந்தது. எதுவும் விழவில்லை. வாயை மூடிக்கொண்டு அங்கேயே நின்றார். மீட்புப் படையில் மூத்தவர் தொப்பியைக் கழற்றினார், வியர்வையாகவும் இருக்கலாம்.

லெப்டினன்ட் அவர்கள், உள்ளிருக்கும் பொருள் எதையும் யாரும் தொடக் கூடாது, வெளியே கொண்டுபோகவும் கூடாது என்று சட்டப்படி அறிவித்துவிட்டு, எரிவாயு மூடியிருக்கிறதா என்று பார்க்கச் சமையலறைக்குப் போய் வெகுநேரம் பார்த்தார். மீட்புப் படையினர் மூவரும் ஜன்னல் வழியே முற்றத்துப் பெண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் திரும்பி வந்தபோது டப்பா நிறைந்திருந்தது, தலைவர் வாய்க்குள் ஏதோ இருந்தது. யார் செய்தது என்று எனக்குத் தெரியாது. அளவு மீறவில்லை என்பது மட்டும் தெரியும்.

அந்த நேரத்தில் ஜில்திஸ் வீடியோவில் போன் செய்தாள். போனைத் தொட்டிப் பக்கம் திருப்பினேன். "தலைவர் இளைச்சிட்டாரு" என்றாள். தண்ணீரில் அப்படித் தெரியும் என்றேன். "சத்தம் மாறினப்பவே எனக்குத் தெரியும் சித்தப்பா. நீங்க பாவம்னுதான் கேக்கல" என்றாள். எப்போது வருகிறாய் என்று கேட்டேன். காகிதம் வந்ததும் என்றாள். காகிதம் எப்போது வரும் என்று அவளுக்கும் தெரியவில்லை.

இந்த வாக்குமூலம் ஜாலிலின் சமையலறை மேசையில் வைத்து எழுதப்படுகிறது. முடிந்ததும் கதவை மூடி மறுபடி முத்திரை ஒட்டப்படும் என்று எனக்குச் சொல்லப்பட்டது. டப்பா ஒருமுறை நிறைந்தால் பனிக்காலத்தின் பாதிவரைதான் வரும், பேட்டரி எதுவரை வரும் என்று யாருக்கும் தெரியாது, தண்ணீரை மாற்ற வழியே இல்லை என்று நான் சொன்னேன். லெப்டினன்ட் அவர்கள், அது இந்த விசாரணைக்கு உட்பட்டதல்ல என்றார். பிறகு அதையும் எழுதிக்கொண்டார்.

இதில் கண்டவை யாவும் நான் சொல்ல அவர் எழுதியவை, எனக்குப் படித்துக் காட்டப்பட்டன, கூட்டியதோ குறைத்ததோ இல்லை. கையெழுத்தோடு அடையாள அட்டை எண்ணும் வேண்டும் என்றார். நைட்டியில் பை கிடையாது, அட்டை மேலே என் வீட்டில் கோட்டுப் பைக்குள் இருந்தது. படிக்கட்டு முழுக்கப் பெண்கள் கூடியிருந்ததால், பால்கனியில் ஒரு முக்காலியைப் போட்டு, அந்த ஓட்டை வழியாகவே மேலே ஏறிப் போய், அட்டையை எடுத்துக்கொண்டு அதே வழியாக இறங்கி வந்து கொடுத்துவிட்டேன்.

(ஒப்பம்)
அ. ஷார்ஷென்பெக்