நத்தைக்கு ஒரு புது மெஷின்

கம்ப்யூட்டர் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் சுற்றிச் சுற்றிக் கடைசியில் ஒரே கேள்விக்குத்தான் வருவார்கள், அண்ணி. இப்போதே வாங்கலாமா, பொறுத்து வாங்கலாமா? பொறுத்தால் இதைவிட நல்லது வரும். வாங்கிவிட்டால் இன்றைக்கே கையில் இருக்கும். இரண்டுமே உண்மை என்பதால் ஒருவருக்கும் நிம்மதி இருக்காது. பதில் சொல்லிச் சொல்லி, முகத்தைப் பார்த்தாலே யார் பொறுப்பார், யார் பொறுக்க மாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

உங்கள் தம்பி பொறுக்க மாட்டார். அது முதல் நாளே தெரிந்தது.

சமையலறை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, "உள்ளதைச் சொல்லு, நான் கத்த மாட்டேன்" என்கிறீர்கள். கத்தினாலும் பரவாயில்லை. மாத்திரை போட்டுக்கொண்டு உள்ளறையில் தூங்குகிறார், லேசில் எழ மாட்டார். சொல்கிறேன். ஆனால் முதலிலிருந்து சொல்கிறேன். நடுவிலிருந்து கேட்டால் என்னைத் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள்.

அன்றைக்கு அவர் தன் மெஷினைக் குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடைக்குள் வந்தார்.

"மேடம், இந்தக் கிராபிக்ஸ் கார்டை இப்பவே மாத்திடலாமா, அடுத்தது வர்ற வரைக்கும் பொறுக்கலாமா?"

என்ன விளையாடுகிறீர்கள் என்று கேட்டேன். ஐந்து பேர் ஓர் அணி, எதிரே ஐந்து பேர். யார் முதலில் பார்த்துச் சுடுகிறாரோ அவர் உயிரோடு இருப்பார். அந்த விளையாட்டில் அவருக்குப் பெயர் நத்தை என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நத்தைக்கு எதுக்குங்க புது கார்டு? மெதுவா போகலாமே."

"நானே வச்ச பேருதான் மேடம். நத்தை கையால செத்தோம்னு அவனுங்க வெளிய சொல்ல முடியாதுல்ல."

பெட்டியைத் திறந்து பார்த்தேன். கார்டில் ஒரு குறையும் இல்லை. விசிறி முழுக்கத் தூசி அடைத்திருந்தது. ஊதிச் சுத்தம் செய்துகொடுத்து, "எது இழுத்துப் பிடிக்குதோ அதை மட்டும் சரி பண்ணுங்க, மத்ததெல்லாம் தானா ஓடும்" என்றேன். அவர் போன பிறகு முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். "வந்த வியாபாரத்தை இப்படி ஊதி அனுப்பிட்டியேம்மா."

அடுத்த வாரமும் அதே பெட்டியோடு வந்தார். தூசியே இல்லையே என்றேன். "ரோட்டுல கொஞ்சம் அள்ளிப் போட்டு எடுத்துட்டு வரட்டுமா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். கல்யாணத்தில் நீங்கள்தானே எல்லோர் காதிலும் விழும்படி சொன்னீர்கள். "என் தம்பி பொண்ணு கட்டலைப்பா, ஓசி சர்வீஸ் கட்டியிருக்கான்."

அது உண்மைதான். எங்கள் வீட்டில் ஓர் ஏற்பாடு இருந்தது. பெட்டிக்கு வெளியே அவர், உள்ளே நான். அதற்குள் என்ன இருக்கிறது, என்ன ஓடுகிறது என்று அவர் பார்த்ததே இல்லை. பார்க்கத் தோன்றியதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பெட்டியைத் திறந்து சுத்தம் செய்வேன். அவர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, நான் கழற்றிக் கொடுக்கிற திருகாணிகளை உள்ளங்கையில் வாங்கி வைத்துக்கொள்வார். நான் கேட்கிறவரை அந்தத் திருகாணிகள் அவர் கையில் ஆடாமல் அசையாமல் கிடக்கும். அவ்வளவு நிதானமான கை. கடையில் எத்தனையோ கைகளைப் பார்த்திருக்கிறேன், அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

பிறகுதான் ஓர் அணியின் கேப்டன் கூப்பிட்டான். சம்பளம் கொடுத்து ஆட வைக்கிற பெரிய அணி. தூர ஊரில் ஒரே வீட்டில் எல்லோரும் தங்கி விளையாட வேண்டும். ஆடுகிறவர்களுக்கு மட்டும்தான் இடம். வீட்டிலிருந்தபடியே ஒரு சோதனை ஆட்டம் ஆடிக் காட்டினால் போதும். உங்கள் தம்பி என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். கீழே இறக்கிவிட்ட பிறகு கேட்டேன்.

"நான்?"

"நீ அப்புறமா வந்துக்கலாம்."

"அப்புறம்னா எப்ப?"

"பொறுத்துப் பாக்கலாம்டி."

அது என்னுடைய வார்த்தை, அண்ணி. எடுக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற சாமானைப் பற்றி நான் சொல்கிற வார்த்தை. எனக்குக் கோபம் வரவில்லை. இன்றுவரை அவர்மேல் நான் ஒருநாளும் கோபப்பட்டதில்லை, நீங்கள் அவரையே கேட்கலாம்.

கடையில் மவுஸ் பழுதா என்று பார்க்க ஒரு சின்ன புரோகிராம் வைத்திருக்கிறோம். விரல் அழுத்தியதை இமைக்கிற நேரத்தைவிடக் குறைவாகப் பிடித்து வைத்து, பிறகுதான் உள்ளே அனுப்பும். எவ்வளவு நேரம் பிடிக்க வேண்டும் என்பதை நாம் வைக்கலாம். ஒரே மாதிரி வைத்தால் கை அதற்குப் பழகிவிடும். அதனால் முன்பின்னாக வரும்படி வைத்தேன். சிலமுறை தாமதம் இருக்கும், சிலமுறை இருக்காது. திரையின் ஓரத்தில் வேகம் காட்டுகிற எண்கள் எல்லாம் அப்படியே சரியாக இருக்கும். யார் பார்த்தாலும் குறை சொல்ல முடியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் திருகாணிகளைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தபோதுதான் அதை ஏற்றினேன். பக்கத்து வீட்டுக்காரர் நடக்கிற நடையை எனக்கு நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். நானும் சிரித்தேன்.

முதல் சோதனையில் தோற்றார். மேசையில் ஓங்கி அடித்தார். "கை போகுதுடி. மெஷின்தான் பின்னாடியே வர மாட்டேங்குது." சரியாகவே கண்டுபிடித்தார் பாருங்கள். கேப்டனும் நல்லவன். "வண்டி பழசாயிடுச்சு நத்தை. மாத்திட்டு வா, உனக்காக இன்னொரு ஆட்டம் வைக்கிறேன்" என்றான்.

அதிலிருந்து தினமும் எங்கள் வீட்டில் கடைக் கேள்விதான். சாப்பிட உட்கார்ந்தால் "இப்ப மாத்திடலாமா?" பல் தேய்க்கும்போது "இப்ப மாத்திடலாமா?" அடுத்த மாடல் வருகிறது, பொறுங்கள் என்று நானும் தள்ளிக்கொண்டே வந்தேன். அவரைக் கட்டிப் போட வேண்டும் என்றால் அப்படியே தள்ளிக்கொண்டு போவதுதானே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஒருநாள் அவர் தோற்று எழுந்து, பெட்டியின் தலையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டி, "எல்லாம் உன்னாலதான்டா கிழவா" என்று சொல்லிவிட்டு, விசிலடித்துக்கொண்டே குளிக்கப் போனார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பழைய மெஷின் வீட்டில் இருக்கிறவரை அவர் தோற்கவே மாட்டார். தோற்பது அதுதான்.

அதனால் மாற்ற முடிவு செய்தேன். ஒன்றிரண்டை மாற்றினால் மிச்சமிருப்பதன்மேல் பழி போட்டுவிடுவார். பிராசசர், கார்டு, மெமரி, திரை, கீபோர்டு எல்லாவற்றையும் கடையிலிருந்ததில் முதல்தரமாகப் பார்த்து எடுத்தேன். மவுஸ் மட்டும் பழசே இருக்கட்டும், கைக்குப் பழகிவிட்டது என்றார். "அதையும் மாத்திடலாங்க. எதுலயும் ஒரு குறை இருக்கக் கூடாது" என்றேன். என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, எனக்காக இவ்வளவு யாரும் செய்ததில்லை என்று அழுதார். அன்று சாயங்காலம் நீங்கள்கூட போன் செய்து, தம்பி கொடுத்து வைத்தவன் என்று சொன்னீர்கள். அந்த வார்த்தை எனக்கு மிகவும் ஆறுதலாக இருந்தது.

புது மெஷினில் விளையாட்டை ஏற்றுவதற்கு முன்பே அந்தப் புரோகிராமை ஏற்றிவிட்டேன்.

இரண்டாவது சோதனையின்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். தோற்றார். இந்தமுறை மேசையை அடிக்கவில்லை. பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். அது சத்தமே இல்லாமல் நீலமும் பச்சையுமாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. அதனிடம் சொல்ல அவருக்கு ஒன்றும் இல்லை. பிறகு வலது கையைத் திருப்பிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

உங்கள் அப்பாவை நான் பார்த்ததில்லை. எல்லாம் இவர் சொல்லித்தான் தெரியும். பஸ் ஓட்டியவர், ஸ்டியரிங் பிடிக்கிற கை நடுங்க ஆரம்பித்ததும் வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். உங்கள் வீட்டில் ஒருவரும் அந்த வியாதியின் பெயரைச் சொன்னதில்லையாம். உங்கள் அம்மா ஒருநாள் அவருக்கு மட்டும் பாதி டம்ளர் டீ கொண்டுவந்து வைத்தாராம். "அவ்ளோதான், எங்க எல்லாருக்கும் புரிஞ்சுபோச்சு" என்று கல்யாணமான புதிதில் என் மடியில் படுத்துக்கொண்டு சொன்னார். அப்போது எனக்கும் கண் கலங்கியது.

சோதனைக்கு மறுநாள் காலையில் அவருக்குப் பாதி டம்ளர் டீ கொண்டுபோய் வைத்தேன்.

 டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"உனக்குத் தெரியுதா?"

"எதுங்க?"

"ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக் குடித்தார். அவருக்கு வியாதி என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை, அண்ணி. பொய் சொல்லி அவரை ஏமாற்றினாய் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது.

மற்றதெல்லாம் அவரே செய்தது. கேப்டனுக்கு வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். டாக்டர் சோதித்துப் பார்த்து ஒன்றும் இல்லை என்றார். "அப்பாவுக்கும் மொதல்ல இப்படித்தான் சொன்னாங்க" என்று எழுந்து வந்துவிட்டார். பைக் சாவியை என்னிடம் கொடுத்தார். குழந்தை வேண்டாம், இது என்னோடு போகட்டும் என்றார். எனக்குக் குழந்தை என்றால் எவ்வளவு ஆசை என்று உங்களுக்கே தெரியும். அவருக்காக அதையும் விட்டுக்கொடுத்தேன். காலையில் அவர் சட்டைக்கு நான்தான் பொத்தான் போடுகிறேன். கழுத்துப் பொத்தானுக்காக முகத்தை நிமிர்த்திக்கொண்டு என்னைப் பார்த்தபடி நிற்பார். அந்த நேரத்தில் அவருக்கு வேறு ஊர் இல்லை, வேறு ஆட்டம் இல்லை.

மெஷினைக் கண்ணால் பார்க்க முடியவில்லை என்று, நான் கடையில் இருந்தபோது உங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டார். நான் இருந்திருந்தால் உள்ளே இருப்பதைத் துடைத்துக் கொடுத்திருப்பேன். அவ்வளவு கனமான பெட்டியைத் தனியாக உங்கள் மாடிவரை தூக்கி வந்தாரே, கை நடுங்கியதா? நீங்களும்தான் கவனிக்கவில்லை. உங்கள் மகள் அதில் படம் வரைந்தாள். மவுஸை அழுத்தி இழுத்தால் சிலமுறை கோடு பிந்தி வந்தது. வேறு கடையில் காட்டினாள். உள்ளே இருந்தது எங்கள் கடைப் பெயர் போட்ட புரோகிராம் என்றும், விளையாட்டுக்கு முன்பே ஏற்றியது என்றும் அந்தக் கடைக்காரன் சொல்லியிருக்கிறான். நல்ல வேலைக்காரன். எல்லோரும் அவ்வளவு தூரம் பார்க்க மாட்டார்கள்.

ஒன்று மட்டும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கொஞ்ச நாளாக அவர் கை உண்மையாகவே நடுங்குகிறது. பயத்தால் வருவது என்று டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது உள்ளே இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் இப்போது எங்கிருந்து வரும்? நான் கொஞ்சம் முன்னாலேயே கவனித்திருக்கிறேன், அவ்வளவுதான்.

இப்போதே அவரை எழுப்பிச் சொல்லிவிடு என்கிறீர்கள். சொல்ல எனக்குப் பயமில்லை. ஆனால் அந்த அணியில் அவர் இடத்தில் வேறு ஆள் வந்துவிட்டான். தன் கை நன்றாகத்தான் இருந்தது என்று இன்றைக்குத் தெரிந்து, அந்தக் கையை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? கொஞ்சம் பொறுத்துச் சொல்லலாம், அண்ணி. எதற்கும் ஒரு நேரம் பார்க்க வேண்டும்.

செருப்புச் சத்தம் கேட்கிறது. எழுந்துவிட்டார்.

"அக்கா, நீயா? எப்ப வந்தே? குரலே கேக்கல."

முகத்தைத் துடைத்துக்கொள்ளுங்கள், அவர் பார்த்தால் பயந்துவிடுவார். இருங்கள், டீ கொதித்துவிட்டது. இது உங்களுக்கு. இது எனக்கு. இது அவருக்கு.

அப்படிப் பார்க்காதீர்கள். நிறைய ஊற்றினால் மேலே சிந்திக்கொள்வார். நான் பார்க்காவிட்டால் அவரை யார் பார்த்துக்கொள்வார்கள்?