முதிரைப் பிடி போட்ட கத்தி

கொறனர் ஐயா, கடலுக்குக் கிட்டக் குடியிருப்பவர்களுக்குத் துரு ஓயாத தொல்லை. வெள்ளவத்தையில் எங்கள் வாடகை வீட்டுக்கும் கடலோர றெயில் பாதைக்கும் நடுவே நாலே வீடுகள். படலைப் பிணைச்சலை வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். பூட்டுக்கு எண்ணெய் விடாத கிழமை கிடையாது. இரும்பைப் பேணும் பழக்கம் எனக்கு அப்படித்தான் வந்தது. போன மாதம் என் மனைவி அருந்ததியின் சாவை நீங்கள் விசாரித்தபோது நான் சொல்லாமல் விட்டதும் ஒரு கத்தியைப் பற்றித்தான். என் கையால் செய்த ஒரு சாண் கத்தி.

ஜப்பான்காரனிடம் சிங்கப்பூர் விழுந்த கிழமையில் அதைத் தொடங்கினேன். அடுத்தது கொழும்புதான் என்று நான் கிளாக்கராக இருக்கும் கந்தோரில் எல்லோரும் கதைத்தார்கள். பாதிப்பேர் பெண்சாதி பிள்ளைகளை யாழ்ப்பாண றெயிலில் ஏற்றிவிட்டார்கள். "நாங்களும் ஊருக்குப் போவமே" என்று அருந்ததியும் கேட்டாள். மாமனார் வீட்டில் போய்க் குந்தியிருக்க எனக்கு மனமில்லை. ஜப்பான்காரன் இறங்கி, காடுமேடாக நடந்து தப்ப வேண்டி வந்தாலும், நல்ல கத்தி ஒன்று இருந்தால் மனிதன் பிழைத்துக்கொள்வான். அதை அவளுக்குப் பொறுமையாக விளங்கப்படுத்தினேன்.

யுத்தகாலத்தில் நல்ல உருக்குக்கு எங்கே போவது? றெயில்வே வேலைத்தளத்தில் இருந்த என் தகப்பனார் விட்டுப்போன இரண்டு அரங்கள் பெட்டியில் கிடந்தன. முதல் அரத்தைப் பத்து நாள் தேய்த்து வடிவாக்கி, சிரட்டைக்கரித் தணலில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தேன். நடுவால் வெடித்துவிட்டது. அன்று முழுக்க நான் ஒருவரோடும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. இரண்டாவதைத் தேங்காய் எண்ணெயில் தோய்த்தேன். அது நின்றது. பிடிக்கு மரம் தேடியது அடுத்த எரிச்சல். தேயிலைப் பெட்டிப் பலகை பிளந்தது, கித்துள் மரம் சிலும்பியது. எங்கள் மகன் பதினொரு மாதம் கிடந்த முதிரைமரத் தொட்டில் அறை மூலையில் சும்மா நின்றது. அவன் போய் மூன்று வருடம். அதன் ஒரு காலை அறுத்தெடுத்தேன். பிடியைப் பொருத்தும் ஆணிகளுக்கு அவனுடைய வெள்ளித் தண்டையை நிமிர்த்தி வெட்டிக்கொண்டேன்.

"தொட்டிலின்ரை கால் எங்கை?" என்று அருந்ததி கேட்டாள்.

"கத்திக்குப் பிடி போட்டிட்டன். வேறை நல்ல மரம் கிடைக்கேல்லை."

"என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே."

கேட்டால் தரமாட்டாள் என்று தெரிந்துதான் நான் கேட்கவில்லை. அவள் மூன்று காலில் நின்ற தொட்டிலுக்குச் செங்கல் அண்டை கொடுத்தாள்.

பிறகு ஒரு நாள் கந்தோரால் வந்து பார்க்கிறேன், குசினியில் அந்தக் கத்தியால் பிலாக்காய் வெட்டிக்கொண்டிருக்கிறாள். "குசினிக் கத்தி மொட்டை. இது நல்லா வெட்டுது" என்று சந்தோஷமாகச் சொன்னாள். எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்ல. பிலாக்காய்ப் பாலைப் போக்க இரண்டு பின்னேரம் எண்ணெய் போட்டுத் தேய்த்தேன். கத்தியின் வாயில் ஒரு பல் விழுந்திருந்தது. அதைத் தீட்டி எடுக்க இன்னும் மூன்று நாள். இனி இதைத் தொடக்கூடாது, உயிராபத்துக்கு மட்டும்தான் இது என்று சொன்னேன். அவளும் ஓம் என்றாள்.

பதுங்குகுழியை நான்தான் வெட்டினேன். பின்வளவு முழுக்கக் கடற்கரை மணல். மேலே தென்னங்குற்றிகளைப் போட்டு, மணல் நிரப்பிய சாக்குகளை அடுக்கி, எல்லாவற்றையும் ஒரே தும்புக்கயிற்றால் பிணைத்திருந்தேன். ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை அது எங்களுக்கு நன்றாகவே உதவியது. பத்து நாள் கழித்து, மழை பெய்து ஓய்ந்த ஒரு பின்னேரம், திரும்பவும் அபாயச் சங்கு ஊதியது. அது பொய்ச் சங்கு என்று பிறகு சொன்னார்கள். உறையோடு கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு நான் பின்னால் வந்தேன். அருந்ததி முதலில் இறங்கினாள்.

ஈர மணல் சரிந்தது. சாக்குகள் குழிக்குள் உருண்டு பாதியில் தொங்கின. அவற்றின் பாரத்தில் கயிறு அவள் நெஞ்சுக்குக் குறுக்கே இழுபட்டு, அவளைத் தென்னங்குற்றியோடு சேர்த்து இறுக்கியது. அறுத்தால் சாக்குகள் கீழே விழும், அவள் வெளியே வருவாள். அது உடனே விளங்கிவிட்டது.

"இஞ்சாருங்கோ, கயித்தை அறுங்கோ" என்றாள். மூச்சு வாங்கியது.

அந்தக் கயிற்றை நீங்களும் பார்த்தீர்கள். புரிக்குப் புரி மணல். மணல் ஏறிய தும்பில் ஒரு தரம் இழுத்தால் எப்படிப்பட்ட கத்தியின் வாயும் போய்விடும். அதுவோ ஜப்பான்காரன் வராத வெறும் மணல் சரிவு. அந்த வேளைக்கென்று செய்த கத்தி அல்ல அது.

"பொறு, குசினிக் கத்தியை எடுத்துக்கொண்டு ஓடி வாறன்" என்றேன்.

அவள் என் இடுப்பைப் பார்த்தாள். கத்தியைத் தா என்று கேட்கவில்லை. அதன் பெறுமதி கடைசியில் அவளுக்கும் விளங்கியிருந்தது என்றே எண்ணுகிறேன்.

குசினிக் கத்தி இருந்த இடத்தில் இல்லை. தேடினேன், தேங்காய்த் துருவலைக்குப் பின்னால் கிடந்தது. மொட்டைக் கத்தியால் அறுக்க நேரம் போகும் என்று அம்மிக்கல்லில் ஏழெட்டுத் தரம் தீட்டினேன். திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டு மஹ்ரூப் நானா குழிக்குள் இறங்கி, சாக்குகளைத் தோளால் தாங்கிக்கொண்டு நின்றார்.

"எங்க போனீங்க கிளாக்கர் ஐயா? கத்தி ஒங்கட இடுப்புலயே கெடக்குதே."

நான் குசினிக் கத்தியால் அறுத்தேன். முப்பது இழுப்பாவது இழுத்திருப்பேன். கயிறு விட்டபோது அருந்ததியின் தலை மஹ்ரூப் நானாவின் கையில் சாய்ந்தது. மூச்சு இல்லை. கத்தி என் இடுப்பில் இருந்ததை அவர் விசாரணையில் சொல்லவில்லை, என்மேல் இரக்கப்பட்டிருக்கலாம். இப்போது என்னைக் கண்டால் தெருவின் மற்றக் கரைக்குப் போய்விடுகிறார்.

நானும் பேசாமல்தான் இருந்திருப்பேன். ஆனால், "இப்படியான காலத்தில் வீட்டுக்காரர் ஒரு கத்தியாவது கைவசம் வைத்திருக்க வேண்டும்" என்று தீர்ப்பின் அடியில் எழுதிவிட்டீர்கள். கந்தோரில் அதை வாசித்துக் காட்டினார்கள். பியோன்கூட என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறான். ஒரு மாதமாக என்னால் ஒழுங்காகச் சோறு தின்ன முடியவில்லை.

ஐயா, அது பிழை. கத்தி என் இடுப்பில் இருந்தது. அந்தக் கயிற்றை அது இரண்டே இழுப்பில் அறுத்திருக்கும். கொழும்பில் அதைவிடக் கூரான கத்தி வேறு யாரிடமும் இருந்திராது. தீர்ப்பைத் திருத்தி எழுதுங்கள். அதற்காக எனக்கு என்ன தண்டனை தந்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். வியாழக்கிழமை றெயிலில் மாமனார் வருகிறார். தன் மகளை முன்யோசனை இல்லாத ஒருவனுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டேன் என்று அவர் நினைத்துவிடக் கூடாது.