சிவப்புப் புள்ளி மேலே

புதுச்சேரியில் கிடார் சத்தத்தைப் பெருக்கும் வால்வு ஆம்பைப் பற்றிப் பேசத் தகுதியுள்ள காது ஒரே ஒரு ஜோடிதான். அது என் தலையில் இருக்கிறது. பெருமைக்காகச் சொல்லவில்லை, திரு. இராமதாஸ். கடலூரிலிருந்து எழுதி, உங்கள் மகள் சரிதாவின் கிடாருக்கு இந்த ஆம்பைக் கேட்டிருக்கிறீர்கள். விற்கிறவன் யார் என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. யாரிடமிருந்து வந்தது, ரிப்பேர் ஏதும் பார்த்ததா, ஏன் விற்கிறேன் என்று மூன்று கேள்வி கேட்டிருந்தீர்கள். மூன்றுக்கும் பதில் ஒன்றுதான். அதனால் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

பழைய ஆம்ப் வாங்கப் போகிறவர்கள் உடனே கிடாரை மாட்டி வாசித்துப் பார்ப்பார்கள். அது தப்பு. ஒன்றையும் மாட்டாமல் சத்தத்தை முழுக்கத் திருப்பிவிட்டு, அது தானாக என்ன முனகுகிறது என்று கேட்க வேண்டும். பிறகு ஒவ்வொரு வால்வையும் பென்சிலால் மெதுவாகத் தட்ட வேண்டும். ஸ்பீக்கரில் மணியடித்தால் அந்த வால்வு போய்விட்டது. உள்ளே கை விடுவதென்றால் ஒரு கையைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அணைத்த பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

இதை எழுத உட்கார்ந்த பிறகு நாலு தடவை எழுந்து போய் ப்ளக்கைப் பார்த்துவிட்டேன். கழற்றித்தான் இருக்கிறது.

லபோர்தொன்னே வீதியில் தெய்வசிகாமணி என்றொரு பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர் இருந்தார். அவருடைய மகன் பிரான்சில் துலோன் நகரத்தில் வாங்கிய ஆம்ப் இது. 2005-இல் வீட்டைக் காலி செய்துகொண்டு பிரான்சுக்குக் கிளம்பியவர், தட்டுமுட்டுச் சாமான்களோடு இதையும் முற்றத்தில் வைத்திருந்தார். கண்டுபிடித்தவன் நான். முனகலைக் கேட்டவன் நான். வால்வைத் தட்டி, ஸ்பீக்கர் துணியை முகர்ந்து, நல்ல சரக்கு என்று தீர்ப்புச் சொன்னவனும் நான்தான். துணைக்கு வந்தவன் பிரேம்குமார். என்னோடு பி.எஸ்சி. படித்தவன், வைத்திக்குப்பத்துப் பையன். அவன் அம்மா செல்வாம்பாள் தேங்காய்த்திட்டில் மீன் ஏலம் எடுப்பவர். எங்கள் குழுவில் நாங்கள் இருவரும் கிடார், சிலம்பரசன் டிரம்ஸ்.

மூசியே, அவரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், எங்கள் இருவரையும் வாசிக்கச் சொன்னார். நான் ஒரு கால் மணி நேரம் வாசித்தேன். பிரேம் நாலு சுரம் வாசித்தான். மூசியே கண்ணைத் துடைத்துக்கொண்டு, காசு வேண்டாம், தூக்கிக்கொண்டு போ என்று அவனிடம் சொல்லிவிட்டார். வயதானவர்களுக்குக் கண்ணில் நீர் வடிவது சகஜம். நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

போகும்போது ஒரே ஒரு எச்சரிக்கை கொடுத்தார். இது பிரெஞ்சுக்காரன் ப்ளக். இரண்டு உருண்டைக் கம்பி, எர்த் கிடையாது, எப்படித் திருப்பினாலும் சொருகும். ஒரு பக்கமாகச் சொருகினால் சாது. மறு பக்கமாகச் சொருகினால் பெட்டியின் இரும்பிலும், அதன் வழியாகக் கிடார் கம்பியிலும் மின்சாரம் ஏறக்கூடும். அதனால் அவர் வீட்டு அம்மா நகப்பூச்சால் ப்ளக்கில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருந்தார்.

"புள்ளி மேல. எப்பவும் மேல. கொம்ப்ரி?" என்றார், புரிந்ததா என்ற அர்த்தத்தில். இருவரும் தலையாட்டினோம்.

பிரேம் அன்றிலிருந்து ரப்பர் செருப்பில்லாமல் கிடாரைத் தொட்டதில்லை. நீல வார் போட்ட ஹவாய். மாடி ஒத்திகையில் செருப்பு, காலேஜ் விழாவில் வேட்டி கட்டிக்கொண்டு செருப்பு, கல்யாண வரவேற்பில் கோட்டு போட்டுக்கொண்டு செருப்பு. எங்கள் வகுப்புக் கையெழுத்துப் பத்திரிகையில் நான் "ஹவாய் பாகவதர்" என்று மூன்று பக்கம் எழுதினேன். குளிக்கும்போதும் கழற்றாத மகான் என்றும், தாலி கட்டும்போது பெண்ணுக்கும் ஒரு ஜோடி வாங்கித் தருவார் என்றும் எழுதியிருந்தேன். நன்றாக ஓடியது. பிரேமே அதை உரக்கப் படித்துக் காட்டிவிட்டு, "எழுதிக்கடா அரி. உயிரோட இருந்து படிக்கிறேன்ல" என்றான்.

பராமரிப்பு என் பொறுப்பில் இருந்தது. அவனுக்கு வாசிக்க மட்டும்தான் தெரியும். 2006 மாசி மாதம் திறந்து பார்த்தபோது, மின்சார ஒயருக்கும் பெட்டிக்கும் நடுவில் இருக்கும் ஒரு கண்டென்சர் கசிவது தெரிந்தது. கடலை மிட்டாய்த் துண்டு அளவுதான் இருக்கும். புள்ளி மேலே இருந்தால் ஒன்றுமில்லை. புள்ளியைக் கீழே வைத்துக் கிடார் கம்பியில் டெஸ்டரை வைத்தேன். நன்றாக எரிந்தது. அன்று மாலையே புதுக் கண்டென்சரும் எர்த் உள்ள மூன்று கம்பி ஒயரும் வாங்கிவிட்டேன். நான் பொறுப்பில்லாதவன் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

மாட்டத்தான் நேரம் வரவில்லை.

மாசி மகத்தன்று எல்லா ஊர் சாமிகளும் தீர்த்தவாரிக்கு வைத்திக்குப்பம் கடற்கரைக்கு வரும். அந்த வருஷம் பிரேமின் தெருக்காரர்கள் சாமிகளுக்குப் பக்கத்திலேயே எங்கள் கச்சேரியை வைத்தார்கள். மேடை கிடையாது. ஈர மணலில்தான் நிற்க வேண்டும். இரண்டு விதிகள் சொன்னார்கள். சாமி நிற்கிற மணலில் செருப்புக் கூடாது. கடைசி சாமி தண்ணீரில் இறங்கி ஏறும்வரை மைக்செட் எதுவும் ஓடக் கூடாது, மேளம் மட்டும்தான். சாமி கரையேறியதும் மைக்செட் வேம்பு மெயினைப் போடுவார். நாங்கள் கிடாரைப் பிடித்துக்கொண்டு தயாராக நிற்க வேண்டும். வால்வு சூடாக அரை நிமிஷம் ஆகும் என்பதால், அதுவரை சிலம்பரசன் தனியாக அடிப்பது எங்கள் வழக்கம்.

வேம்புவின் போர்டில் எந்த ஓட்டையில் மின்சாரம் வருகிறது என்று காலையிலேயே டெஸ்டர் வைத்துப் பார்த்துக்கொண்டேன். ப்ளக்கைச் சொருகியதும் நான்தான். வேலை என்றால் எனக்கு அரைகுறை பிடிக்காது.

பிரேம் செருப்போடு நின்றுகொண்டிருந்தான். அவன் சித்தப்பா முறைக்காரர்கள் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"சாமி நிக்குதுடா. கழட்டு" என்றேன்.

கழற்றினான். இரண்டையும் சேர்த்து ஆம்புக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைத்தான். கிடாரை மாட்டிக்கொண்டு, இடது கையால் முதல் கார்டைப் பிடித்தபடி என் பக்கம் திரும்பினான்.

"புள்ளி மேலதான இருக்கு?"

"மேலதான்."

நான் இன்னும் என் கிடாரைத் தொடவில்லை, ப்ளக்குக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். சாமி கரையேறியது. மெயினைப் போட்டது வேம்பு, நான் அல்ல. சிலம்பரசன் அடிக்க ஆரம்பித்தான். பிரேம் கழுத்தைப் பின்னுக்கு வளைத்து, கண்ணை மூடி, விறைப்பாக நின்றான். என்ன ஸ்டைல் பார் என்று பக்கத்தில் ஒருத்தர் சொன்னது எனக்குக் கேட்டது. அவன் நாலு சுரம் வாசித்தாலே கண்ணைத் துடைத்துக்கொள்கிற ஊர் அல்லவா. நான் தாளம் தப்பாமல் எண்ணினேன். எட்டு வரைக்கும் எண்ணிவிட்டு ப்ளக்கைப் பிடுங்கினேன்.

ஏழில் பிடுங்கியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எட்டில்தான் தாளம் முடிகிறது.

கூட்டத்தின் நடுவில் அவன் விளையாட்டாகத் துள்ள வேண்டும், எல்லோரும் சிரிக்க வேண்டும், ஹவாய் பாகவதருக்கு ஒரு பின்னுரை எழுத வேண்டும் என்றுதான் நினைத்தேன். இதை எனக்கே பல தடவை விளக்கியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் நம்பும்படியாகத்தான் இருக்கிறது.

பிரேம் பிழைத்துவிட்டான். இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் மட்டும் மடங்கியவை நிமிரவில்லை. சமயோசிதமாக ப்ளக்கைப் பிடுங்கி நண்பனைக் காத்த மாணவன் என்று உள்ளூர்ப் பத்திரிகையில் என் படம் வந்தது. செல்வாம்பாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ மட்டும் இல்லன்னா எம்புள்ள இல்லப்பா" என்றார். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் எங்கள் வீட்டுக்கு வஞ்சிரம் வருகிறது. நல்ல துண்டுகளாகப் பார்த்துத்தான் கொடுத்தனுப்புகிறார். நான் சாப்பிடுகிறேன். வேண்டாமென்றால் அவர் மனசு கஷ்டப்படும்.

பழி வேம்புவின் மேல் விழுந்தது. மட்டமான ஒயரிங் என்று சொல்லி அவருடைய பெட்டிகளை உடைத்தார்கள். அவரையும் கொஞ்சம் அடித்தார்கள். மைக்செட்டை விட்டுவிட்டுப் பிள்ளைச்சாவடிப் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. அடுத்த நாள் காலையில் ஆம்பைத் திறந்து, புதுக் கண்டென்சரை மாட்டி, ப்ளக்கை வெட்டி எறிந்துவிட்டு மூன்று கம்பி ஒயரைப் போட்டேன். விபத்தைப் பற்றி விசாரிக்க எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டு, இவ்வளவு சுத்தமாகப் பராமரித்த பழைய ஆம்பைத் தான் பார்த்ததே இல்லை என்றார். ரிப்பேர் ஏதும் உண்டா என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

பிறகு பிரேமே ஒரு நாள் ஆம்பைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"நீயே வெச்சுக்கடா. ஒனக்குத்தான் இதப் பத்தித் தெரியும்" என்றான்.

முதல் நாளே சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை. ஒரு வருஷத்துக்கு மேல் தாமதம்.

ஏன் விற்கிறேன் என்பது கடைசிக் கேள்வி. இடைஞ்சலாக இருக்கிறது, அவ்வளவுதான். முனகுகிறது. ஒயரைச் சுருட்டிப் பரணில் போட்ட பிறகும் முனகுகிறது. முதலில் ஃபிரிட்ஜ் என்று நினைத்தேன். ஃபிரிட்ஜை அணைத்துப் பார்த்தேன். பீச் ரோடு வரை நடந்து போய்ப் பார்த்தேன், அங்கேயும் கேட்கிறது. இதைக் கேட்க வேறு யாருக்கும் காது இல்லை என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன். சரிதாவுக்குக் கேட்காது. தாராளமாக வாங்கிக்கொடுங்கள்.

ஆம்புடன் அந்த நீல வார் செருப்பைத் தர இயலாது. அன்று மணலில் கிடந்ததை நான்தான் எடுத்து வந்தேன். பிரேம் அதைக் கேட்கவே இல்லை. ஒரு நம்பர் பெரிசு, ஆனாலும் பழகிவிட்டது. ஃபேன் சுவிட்சைப் போடப் போகும்போது மாட்டிக்கொள்கிறேன். குழாயைத் திறக்கும்போதும், குளிக்கும்போதும், இப்போது இதை எழுதும்போதும் காலில்தான் இருக்கிறது. எனக்குப் பயம் ஒன்றும் கிடையாது. மே மாதம்தான், இருந்தாலும் இந்த வீட்டில் தரை சில்லென்று இருக்கிறது.