தலைமாட்டு ஸ்பீக்கர்

— அம்மா, முதல்ல உட்காரு. நீ நடக்கறதைப் பார்த்தாலே எனக்குத் தலை சுத்துது.

— நீ எழுதறதை நிறுத்து, உட்காருறேன்.

— இன்னும் ரெண்டு வரிதான். "எங்கள் அப்பா இறந்த அன்று, பணியில் இருந்த நர்ஸின்..." கவனக்குறைவுன்னு போடவா, அலட்சியம்னு போடவா?

— ரெண்டும் வேணாம். அவர் போய் நாலு நாள் ஆச்சு. இப்போ ஆஸ்பத்திரிக்குப் புகார் எழுதி என்ன ஆகப்போகுது?

— அப்பா என்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு. கடைசி மூச்சுல காதுல நம்ம சர்ச் பாட்டு கேக்கணும். அந்தத் தலைமாட்டு ஸ்பீக்கர்ல மதத்துக்கு ஒரு நம்பர் வெச்சிருக்காங்களே, அதுல நமக்கு ஒண்ணாம் நம்பர். கால்மாட்டு அட்டையில பெருசா எழுதியும் வெச்சிருந்துது. அவர் போனது ரெண்டரைக்கு. நான் மூணு மணிக்கு வந்து பார்த்தா ஸ்பீக்கர் மூணாம் நம்பர்ல இருக்கு. நம்ம பாட்டு இல்ல, புத்த பிக்குகளோட ஜபம்.

— அதுவும் நல்லாத்தான் இருந்துது. இழுத்து இழுத்து.

— நீ கேட்டியா? தூங்கிட்டேன்னு சொன்னியே?

— தூக்கத்துல கேட்டேன்.

— எழுந்து யாரையாவது கேக்கறதுக்கென்ன?

— என்னைத் திட்டறதுன்னா நேரா திட்டு. நர்ஸ் பேர்ல எழுதாதே.

— உன்னைத் திட்டலம்மா.

— உனக்குத்தான் கடவுளே இல்லையே. அஞ்சு நம்பரையும் அந்த நர்ஸ் பொண்ணு விளக்கினப்ப, "எனக்கு அஞ்சு போடுங்க, மழைச் சத்தம் போதும்"னு சிரிச்சவதானே நீ? உனக்கெதுக்கு இந்தக் கோபம்?

— நம்பாத என்கிட்டப் போய்க் கேட்டாரும்மா. "உங்கம்மா அழுதுக்கிட்டே மறந்துடுவா, நீ மறக்க மாட்டே"ன்னாரு. ஒரே ஒரு வேலை. அந்த நேரத்துல நான் பரீட்சை ஹால்ல நிக்கறேன், எவன் காப்பியடிக்கிறான்னு பார்த்துக்கிட்டு.

— நான் அழுவேன்னு சொன்னாரா?

— ம்.

— அதையும் அவரே சொல்லிட்டாரா.

— அம்மா, அந்த அலமாரியை எத்தனை தடவை தொடைப்பே?

— தூசி. ஏண்டி, ஒண்ணு கேக்கறேன். காதுல விழறது மாறினா போற எடமும் மாறிடுமா?

— மாறும்னு அப்பா நம்பினாரு.

— நானும் நம்பறேன். நீ காலேஜ்ல இதைத்தானே பாடம் நடத்தறே? உன் புஸ்தகமெல்லாம் என்ன சொல்லுது?

— அதாவது...

— வந்துட்டா "அதாவது".

— கேட்டா சொல்ல விடணும். அதாவது, கரையேறணும்ங்கற தவிப்பு எல்லாருக்கும் ஒண்ணுதான். கரை எதுங்கறதுலதான் சண்டை. நம்ம ஆளுங்க, நம்மால ஆகாது, ஒருத்தர் நமக்காக உயிரைக் கொடுத்து மீட்டாச்சுங்கறாங்க. ரெண்டாம் நம்பர், முஸ்லிம்காரங்க, செஞ்ச நல்லது கெட்டது தராசுல ஏறும், ஆனா கடைசியில காப்பாத்தறது அவனோட இரக்கம்தான்ங்கறாங்க. நாலுல, அதான் இந்துக்கள்ல, திரும்பத் திரும்பப் பொறந்து ஒருநாள் பொறக்காம நிக்கறது. அதுக்குள்ளயே ரெண்டு கட்சி. குரங்குக்குட்டி மாதிரி நீதான் தாயை இறுக்கிப் பிடிச்சுக்கணும்னு ஒருத்தர். பூனைக்குட்டி மாதிரி சும்மா கிட, அவளே கவ்விக்கிட்டுப் போவான்னு இன்னொருத்தர்.

— நாலு சரிவராது. திரும்பி வந்து நம்ம வீட்டுலயே பொறந்து தொலைச்சா?

— சரிவராதுன்னா? யாருக்குச் சரிவராது?

— ஒரு பேச்சுக்குச் சொன்னேன்டி. மூணு?

— மூணைத்தான் போன வாரமே சொன்னேனே, அவர் கட்டில் பக்கத்துல உட்கார்ந்து.

— இன்னொரு தடவை சொல்லு.

— ஆசை அணைஞ்சா எல்லாம் அணைஞ்சுது. எண்ணெய் தீர்ந்த விளக்கு மாதிரி. அந்தச் சுடர் எந்தப் பக்கம் போச்சுன்னு கேக்கறதே தப்பு.

— எங்கயும் போகல.

— இருக்குன்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது.

— எரியறது, வலிக்கறது, அதெல்லாம்?

— ஒண்ணும் கிடையாது. ஆனா ஸ்பீக்கரைத் திருப்பினா கிடைக்கறதில்லம்மா அது. எத்தனையோ ஜென்மம் பாடுபடணும்.

— அதை நீ போன வாரம் சொல்லல.

— சொன்னேன். நீ அப்போ அவருக்குப் போர்வை சரி பண்ணிக்கிட்டிருந்தே. என்ன, முகம் ஏன் இப்படி ஆகுது?

— ஒண்ணுமில்ல. கதையிலெல்லாம் எப்படிக் கரையேறறாங்க?

— கதையில இன்னும் சுலபம். குடிகாரனோ கொலைகாரனோ, கடைசியில ஒரு பொம்பளை வருவா. காத்திருப்பா, மன்னிப்பா, அவன் கரையேறிடுவான். எந்த ஊர்க் கதையை எடுத்தாலும் பாதி இதுதான்.

— அவளை யாரு கரையேத்தறா?

— அதுக்குள்ள கதை முடிஞ்சிடும்மா.

— நல்லா எழுதினானுங்க, போ.

— அப்பா அந்த வகையில தலைகீழ். அவர்தானே உனக்காக ஜெபம் பண்ணாரு. தினம் ஏழு மணிக்கு. "ஆண்டவரே, இன்னிக்கு இவ பாலைப் பொங்க விட்டுட்டா. பக்கத்து வீட்டுக்காரிகிட்ட வாயாடினா. அதைக் கேட்டதுக்கு என்கிட்டப் பொய் சொன்னா. இவளை மன்னியும்." நானும் தம்பியும் கண்ணை மூடிக்கிட்டுச் சிரிப்போம்.

— தெரியும். கட்டில் ஆடும்.

— சின்னப் பசங்கம்மா நாங்க.

— விருந்தாளி வந்தாலும் நிறுத்த மாட்டாரு. ஒருதடவை போதகரை உட்கார வெச்சுக்கிட்டே சொன்னாரு. என் தங்கச்சி கல்யாணத்துக்கு முந்தின நாள், அவ மாமியார் வீட்டு ஆளுங்க முன்னால சொன்னாரு. நாற்பத்திரண்டு வருஷம். நான் முட்டி போட்டு "ஆமென்" சொல்லணும்.

— அன்பைக் காட்ட அவருக்குத் தெரிஞ்ச வழி அது. கடைசியா உன்கிட்ட என்ன சொன்னாரு? "நான் முன்னால போறேன். எனக்குப் பக்கத்துலயே உனக்கு எடம் கேட்டு வாங்கி வைக்கறேன்." எனக்கே அழுகை வந்துடுச்சு.

— எனக்கும் வந்துது.

— சரி, நான் அனுப்பறேன். தம்பி வேற வக்கீலைப் பார்க்கலாம்ங்கறான்.

— அந்தப் பொண்ணுக்கு வேலை போயிடுமா?

— போகலாம். சேர்ந்து மூணு மாசம்தானாம். இன்னும் நிரந்தரம் ஆகல.

— அவதான் தொடவே இல்லேன்னு சொன்னாளே?

— அது நேத்து. இன்னிக்குக் காலையில அவளே போன் பண்ணா. பக்கத்துக் கட்டில்காரருக்கு அன்னிக்கு மூணு வெச்சாளாம். "குழப்பத்துல உங்கப்பாவுக்கும் நான்தான் திருப்பியிருப்பேன், யோசிக்க யோசிக்க அப்படித்தான் தோணுது, மன்னிச்சிடுங்கக்கா"ன்னு ஒரே அழுகை.

— அவளா சொன்னா?

— அவளேதான்.

— செய்யாததை எதுக்கு இவ ஏத்துக்கறா?

— செய்யாததுன்னு உனக்கெப்படித் தெரியும்?

— போனைக் கொடு.

— யாருக்கு?

— அந்தப் பொண்ணுக்கு. நாலு நாளா தூங்கியிருக்க மாட்டா. கொடுடி.

— கொடுக்கறேன். என்னைப் பார்த்துச் சொல்லு. அவகிட்ட என்ன பேசப்போறே?

— ஒரு மணிக்கு மேல அவ உள்ளேயே வரல. நான்தான் திருப்பினேன்.

— கை பட்டுடுச்சா?

— எழுந்து போய்த் திருப்பினேன். கண்ணாடியை எடுத்துப் போட்டு, நம்பரைப் பார்த்துத் திருப்பினேன்.

— அப்பா முழிச்சிருந்தாரா?

— கண்ணைத் திறக்கல. மூச்சு நீளமா வந்துக்கிட்டிருந்துது. பக்கத்துல உட்கார்ந்து கையைப் பிடிச்சுக்கிட்டேன். நின்னதுக்கப்புறமும் கொஞ்ச நேரம் பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்.

— எனக்குப் புரியலம்மா. பிக்குகள் சொல்றதுல உனக்கென்ன நம்பிக்கை? ஒரு ஞாயித்துக்கிழமை விடாம சர்ச்சுக்குப் போறவ நீ. பரலோகம் இருக்குன்னு எங்களை அடிச்சுச் சொல்லிக்கொடுத்தவ நீ.

— இருக்குடி. நான் அங்கதான் போவேன், அதுல எனக்குத் துளி சந்தேகம் இல்ல. நான் போறப்ப அங்க அவர் இருக்கக்கூடாது.