பொட்டு வைத்த கையெழுத்து

ஹெப்பகோடி பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்த மூத்தவர் சொன்னார்: "எங்க மேனேஜர் கையெழுத்துல பொட்டு இருந்தாதான் செல்லும்."

நான் பேப்பரை மடித்துவிட்டேன்.

"என்னக்கா சொல்றீங்க?" என்றார் இளையவர்.

"அவரு எப்பவும் டூர்ல இருப்பாரு. அதனால கையெழுத்தை ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர்ல வெச்சிருக்கேன். லெட்டர் அடிச்சதும் கீழே ஒட்டிடுவேன். ஸ்கேன் பண்ணது ஆயுத பூஜைக்கு மறுநாள். ஸ்கேனர் கண்ணாடியில நான் வெச்ச குங்குமமும் கையெழுத்துக்குப் பக்கத்துலயே வந்துடுச்சு. பூஜைப் பொட்டை எப்படி அழிக்கிறது?"

"அவரு பாக்கலியா?"

"பாத்தாரு. 'மெஷினுக்கெல்லாம் எதுக்கும்மா பொட்டு, மூடநம்பிக்கை'ன்னு அரைமணி நேரம் திட்டினாரு. மறுபடி கையெழுத்து போட்டுக் குடுக்க மட்டும் டைம் இல்ல. மூணு வருஷமா எல்லா லெட்டரும் அந்தப் பொட்டோடதான் போகுது."

"அப்புறம்?"

"போன வாரம் லீவ் லெட்டர் அனுப்பினாரு. பொண்ணு கல்யாணத்துக்கு. 'கம்ப்யூட்டர்ல இருக்கறதையே ஒட்டிடட்டுமா சார்'னேன். 'இது சொந்த விஷயம்மா, கையாலதான் போடணும்'னு பேனா எடுத்தாரு. ஹெட் ஆபீஸ்ல திருப்பி அனுப்பிட்டாங்க. பொட்டு இல்லையாம், யாரோ போட்ட கள்ளக் கையெழுத்தாம்."

"அய்யோ தேவரே!" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டார் இளையவர். "கல்யாணம் எப்ப?"

"வர்ற ஞாயித்துக்கிழமை. நேத்து புதுசா லெட்டர் அடிச்சுக் குடுத்தேன். அதுலயும் பேனாவாலதான் கையெழுத்து போட்டாரு. அப்புறம் எழுந்து போயி ரூம் கதவைச் சாத்திட்டு வந்து, மெதுவா கேக்கறாரு: 'ஏம்மா, உன் பேக்ல குங்குமம் இருக்கா?'"