ஜரிகைக் கரை

கார் துடைக்கப் பழைய பனியனை எடுப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. மேடம், உங்கள் ஜீப்பைக்கூட விசாரணைக்கு வரும்போது பார்த்தேன். கதவெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. தண்ணீரை ஊற்றிவிட்டு வெயிலில் காயவிட்டால் அப்படித்தான். நம் பக்கத்து வெயிலுக்குத் தண்ணீர் தானாகக் காய்வதற்குள் துடைத்துவிட வேண்டும். பனியன் துணி நூல் விடும். பூத்துண்டு முதல் நாலு தடவைக்கு மெத்தென்று இருக்கும், சோப்புப் பட்டுப் பட்டு அப்புறம் தேங்காய் நார்தான். மைக்ரோஃபைபர் துண்டுதான் சரி. அதிலும் ஓரம் அடிக்காதது வேண்டும். தையல் ஓரம் பெயிண்டைக் கீறும். மிக முக்கியம், தரையில் விழுந்த துண்டை மறுபடி காரில் வைக்கவே கூடாது. உதறினாலும் மண் போகாது.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், மாயக்கண்ணன் விஷயத்தை நீங்கள் தப்பாகப் புரிந்துகொண்டுவிடக் கூடாது. சாதி என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அப்படியெல்லாம் பார்க்கிற ஆள் இல்லை. செக்காலை ரோட்டில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறேன், எல்லா ஜனமும் வந்து போகிற இடம். மீனாட்சிசுந்தரம் எப்படிப்பட்டவன் என்று யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். மாயக்கண்ணன் எனக்கு டிரைவர் மட்டுமில்லை, வீட்டில் ஒருத்தன் மாதிரி. அவனுக்கென்றே தனி டம்ளர் வைத்திருக்கிறோம். வேறு யாரும் அதைத் தொட மாட்டார்கள்.

அவன் அப்பன் சின்னச்சாமி என் அப்பாவிடம் வேலை பார்த்தவன். எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தால் அவன் தோளில் கிடக்கிற துண்டு தானாகக் கக்கத்துக்குப் போய்விடும். யாரும் அதட்டியதில்லை. அது ஒரு மரியாதை, அவ்வளவுதான்.

மாயக்கண்ணன் துண்டே போடுவதில்லை. பேண்ட் சட்டை போடுகிற தலைமுறை. அதனால் அந்தப் பேச்சே எங்களுக்குள் வந்ததில்லை. சும்மா சொல்லக்கூடாது, கை சுத்தமான பையன். கறுப்புக் கார், மேடம். கறுப்பில் ஒரு மயிரிழைக் கீறலும் பல்லைக் காட்டும். அவன் துடைத்து முடித்தால் பானெட்டில் முகம் பார்த்துத் தலை சீவலாம்.

போன மாதம் ஒரு நாள் காலையில் வந்தான். தோளில் ஒரு துண்டு. வெள்ளை, நாலு விரல் அகலத்துக்குப் பளபளவென்று ஜரிகைக் கரை.

"ஐயா, கவர்மெண்டு வேலை வந்துருச்சுங்கய்யா. ஜீப் ஓட்டுற வேலை. ஒண்ணாந்தேதி வந்து சேரச் சொல்லிட்டாக" என்றான்.

"சந்தோஷம்டா" என்றேன். சந்தோஷம்தான். "தோள்ல என்னது?"

"ஊர்ல போத்துனாகய்யா. எங்க தெருவுல மொத கவர்மெண்டு டிரைவர் நாந்தானாம். மேடையெல்லாம் போட்டு, மைக்குல பேரு சொல்லிக் கூப்ட்டாக."

"சரி, வண்டியத் தொடை. அத எடுத்து வச்சுட்டுத் தொடை. ஜரிகை பெயிண்ட்ல பட்டாக் கீறிரும்."

அவன் சிரித்தான். திமிர் இல்லை, நல்ல சிரிப்புத்தான். "படாதுங்கய்யா. நான் குனியாமத் தொடைக்கிறேன். இன்னைக்கு ஒரு நாளைக்கு இது தோள்லயே கெடக்கட்டுங்கய்யா" என்றான்.

அப்படியே துடைத்தான். கூரை, கண்ணாடி, பானெட், கதவு எல்லாவற்றையும் நிமிர்ந்து நின்றபடியே துடைத்தான். நான் காபியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். காபி ஆறிப்போயிற்று. அவன் முடித்ததும் டார்ச் அடித்து ஒவ்வோர் இடமாகப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை, மேடம். எனக்கு வயிறு எரிந்தது.

நீங்களே யோசித்துப் பாருங்கள். எந்தத் துண்டை எதற்கு எடுக்கணும், எப்படிப் பிழிந்து எங்கே காயப்போடணும் என்று மூன்று வருஷமாகத் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஒன்றாம் தேதி அவன் போய்விடுவான். நான் சொன்ன ஒரு சொல்லை அவன் கேட்கவும் இல்லை, அதனால் ஒன்றும் கெட்டுப்போகவும் இல்லை. அப்படி ஒன்று நடக்கலாமா? நாளைக்கு யார் சொல் பேச்சுக் கேட்பார்கள்?

அவன் முகம் கழுவக் குழாயடிக்குப் போனான். அப்போதுதான் அந்தத் துண்டைக் கழற்றி, மடித்து, பைக் சீட்டில் வைத்தான். எவ்வளவு பதமாக மடித்தான் தெரியுமா? என் மைக்ரோஃபைபரைக்கூட அப்படி மடித்ததில்லை.

அதை நான் எடுத்துப் பார்த்தேன். கார் துடைக்க ஆகவே ஆகாது. கஞ்சி போட்டது, தண்ணீரை உறிஞ்சாது, ஜரிகை வேறு. ஆனால் கரை நல்ல கனம். உள்ளே என்ன வைத்தாலும் வெளியே தெரியாது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு துண்டு உண்டு.

நான் போன் பண்ணிப் போலீஸ் வந்தபோது அவன் பைக்கை எடுத்துக்கொண்டிருந்தான். துண்டை வாங்கி உதறினார்கள். என் மனைவி நீலாயதாட்சியின் மூன்று பவுன் செயின் விழுந்தது. கூடவே துண்டும் விழுந்தது. அவன் செயினைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தான்.

"ஐயா, நான் எடுக்கலன்னு ஒங்களுக்குத் தெரியும்லய்யா. சொல்லுங்கய்யா" என்றான்.

தெரியும். அதனால்தான் நான் வாயே திறக்கவில்லை. பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. துண்டு வாசலிலேயே கிடந்தது. தரையில் விழுந்ததைப் பற்றி முன்னமே சொன்னேன்.

அவன் பெண்டாட்டி பாண்டீஸ்வரி கேட்டுக்கு வெளியே நின்று அழுதாள். "ஐயா, நீங்க ஒரு வார்த்த சொன்னா விட்டுருவாக. கேசுன்னு ஒண்ணு இருந்தா வேலைக்கு எடுக்க மாட்டாகளாம். ஒண்ணாந்தேதி தாண்டிருச்சுன்னா எங்க பொழப்பே போச்சுங்கய்யா" என்றாள். எனக்கும் மனசு கேட்கவில்லை. தண்ணீர் கொடுக்கச் சொன்னேன், அவன் டம்ளரில்தான். ஆனால் சட்டத்தில் நாம் தலையிடலாமா? ஒன்றாம் தேதி அவன் ஜெயிலில் இருந்தான்.

நீலாயதாட்சிதான் உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறாள், தெரியும். அன்றைக்கே கேட்டாள். "காலைல பீரோவத் தொறந்தது நீங்கதான? என்னத்த எடுத்தீக?" என்று. நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு காரைப் பார்க்கப் போய்விட்டேன். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. பாவம், அவள் ஒரு நாள்கூடக் கார் துடைத்ததில்லை.

ஆமாம், செயினை அந்தத் துண்டுக்குள் மடித்து வைத்தது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதில் நஷ்டம் யாருக்கு என்பதையும் பாருங்கள். இப்போது கூலிக்கு வருகிறவன் கீழே விழுந்த துண்டை உதறிவிட்டு அப்படியே துடைக்கிறான். பானெட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி கீறல். பார்க்கப் பார்க்க அழுகை வருகிறது.

மாயக்கண்ணனுக்கு அந்த வேலை இல்லை என்று ஆகிவிட்டது, கேள்விப்பட்டேன். அவனைப் பார்த்தால் என்னிடம் வரச் சொல்லுங்கள். நான் எதையும் மனசில் வைத்துக்கொள்கிறவன் இல்லை. அவன் டம்ளர் அதே இடத்தில் இருக்கிறது. அவனுக்கென்று ஒரு துண்டும் வாங்கி வைத்திருக்கிறேன். வெள்ளைதான், ஆனால் கரை கிடையாது. மடித்தால் கக்கத்தில் அடங்கிவிடும்.